சொந்த அளவில் ஒரு பேக்: நல்ல துணியை வெட்டும் முன் அரிசிச் சாக்கில் தைத்துப் பாருங்கள்

கடையில் தொங்கும் பேக் எல்லாம் ஒரு சராசரி ஆளை நினைத்துத் தைத்தவை. அந்த ஆளின் முதுகு நீளமும் அவர் சுமக்கும் சாமானும் உங்களுடையதோடு ஒத்துப்போனால் சரி, வாங்கி மாட்டிக்கொள்ளலாம், தைக்கும் வேலையே இல்லை. ஒத்துப்போகாதவர்கள் நம் பக்கம் நிறைய. தருமபுரி, பாலக்கோடு, காவேரிப்பட்டணம் என்று பல ஊர்களில் இருந்து ஓசூர் சிப்காட்டுக்கு ஷிப்ட் வேலைக்குப் போகிறவர்களின் தோளைப் பாருங்கள்: லேப்டாப்புக்காகச் செய்த பேக்கில் டிபன் கேரியர் படுத்துக் கிடக்கும், குழம்பு கசிந்து அடித்துணி மஞ்சளாகியிருக்கும், மழைக்கோட்டுக்கு இடமில்லாமல் கையில் தனியாக ஒரு கட்டைப்பை தொங்கும். அவர்களுக்கு வேண்டியது அவர்கள் சாமானுக்கும் முதுகுக்கும் அளவெடுத்த ஒரு பேக். வீட்டில் கால் மெஷின் இருக்கிற யாரும் அதைச் செய்யலாம்.

இதில் தையல்தான் கஷ்டம் என்று பலர் தயங்குகிறார்கள். ஜிப் வைத்துத் தலையணை உறை தைத்தவருக்கு பேக் தைக்க வேண்டிய கைவேலை ஏறக்குறைய தெரியும். கஷ்டம் அதற்கு முன்னால் இருக்கிறது. எவ்வளவு உயரம், வார் எந்த இடத்தில் ஏற வேண்டும், இரண்டு வாருக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி, டிபன் எங்கே நிற்கும் என்பதையெல்லாம் உட்கார்ந்த இடத்தில் யோசித்து முடிவு செய்ய முடியாது. அதனால் நான் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான்: நல்ல துணியில் கத்தரி வைப்பதற்கு முன், அதே அளவில் அரிசிச் சாக்கில் ஒரு பேக் தைத்து, முழு எடையும் ஏற்றி, நீங்கள் தினமும் போகிற வழியிலேயே சுமந்து நடந்து பாருங்கள். சாக்கில் தோளில் உட்காராத பேக், எவ்வளவு உயர்ந்த துணியில் தைத்தாலும் உட்காராது.

சாமானைப் பாயில் பரப்புங்கள்

தினமும் எடுத்துப் போகும் அத்தனையையும் ஒரு பாயில் வையுங்கள். ஞாபகத்தில் இருந்து பட்டியல் எழுதினால் சார்ஜர், மாத்திரை, பஸ் பாஸ், வண்டிச் சாவி எல்லாம் விட்டுப்போகும். பாக்கெட் எத்தனை, எங்கே என்பதைச் சொல்வதே அந்தச் சின்னச் சாமான்கள்தான். இந்தக் கட்டுரை முழுக்க ஷிப்ட் வேலைக்காரரின் பேக்கையே உதாரணமாக வைத்துக்கொள்கிறேன்: இரண்டடுக்கு டிபன் கேரியர், ஒரு லிட்டர் பாட்டில், மாற்றுச் சட்டை பேண்ட், மழைக்கோட்டு, ஸ்வெட்டர், துண்டு, சார்ஜர், அப்புறம் திரும்பும்போது ஓசூர் உழவர் சந்தையில் வாங்கும் இரண்டு கிலோ காய்கறி. இந்தக் கடைசி ஐட்டத்தைத்தான் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. வரும்போது டிபனும் பாட்டிலும் காலிதான், ஆனாலும் அவை பேக்கில் அதே இடத்தை அடைத்துக்கொண்டுதான் வரும், காய்கறிக்கு மேலே தனி இடம் விட்டாக வேண்டும்.

இப்போது சுவரை உங்கள் முதுகாக நினைத்துக்கொண்டு, அதை ஒட்டிச் சாமானை அடுக்குங்கள். கனமானது சுவரை ஒட்டி, நடு உயரத்தில் வர வேண்டும். மெத்தென்றவை அடியில். அதாவது ஸ்வெட்டரும் மழைக்கோட்டும் கீழே மடித்து வைத்து, அதன்மேல் டிபன் நிமிர்ந்து நிற்க, துணிமணி அதற்கு முன்பக்கம். பாட்டில் வெளியே, பக்கவாட்டில். அடுக்கியதை ஒரு கயிற்றால் லேசாகக் கட்டி உயரம், அகலம், ஆழம் மூன்றையும் அளந்துகொள்ளுங்கள். நம் உதாரணத்துக்கு 46 செ.மீ. உயரம், 30 செ.மீ. அகலம், 16 செ.மீ. ஆழம் என்று வைத்துக்கொள்வோம். மூன்றையும் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் லிட்டர் கிடைக்கும், இங்கே சுமார் 22 லிட்டர்.

"எதற்கும் இருக்கட்டும்" என்று இதை 35 லிட்டராக்க ஆசை வரும். வேண்டாம். பேக் பெரிதாக இருந்தால் சாமான் அடியில் போய்ச் சேரும், நடக்கும்போது உள்ளே ஆடும், ஒவ்வொரு அடிக்கும் முதுகைப் பின்னால் இழுக்கும். மேலே 4, 5 செ.மீ. கூடுதல் இடம் போதும், நம் உதாரணத்தின் 46 செ.மீ. உயரத்தில் அதுவும் அடக்கம்.

எடையையும் போட்டுப் பாருங்கள். வீட்டில் எடை மெஷின் இல்லாவிட்டால் தெரிந்த மளிகைக் கடைத் தராசு போதும். சாப்பாடும் தண்ணீரும் சேர்த்து நம் உதாரணம் ஐந்து கிலோவுக்கு அருகில் வரும். பள்ளிப் பிள்ளைகளுக்குப் பேக் தைப்பவர்கள் இன்னும் கண்டிப்பாக இருக்க வேண்டும்: மத்தியக் கல்வி அமைச்சகத்தின் 2020 பள்ளிப் பைக் கொள்கை, பையின் எடை பிள்ளையின் உடல் எடையில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. 25 கிலோ பிள்ளைக்கு இரண்டரைக் கிலோ, அதில் பேக்கின் சொந்த எடையும் அடக்கம். பெரியவர்கள் எட்டுப் பத்துக் கிலோ சுமப்பதாக இருந்தால் இடுப்பு பெல்ட் பற்றி யோசிக்கலாம். ஐந்து கிலோவுக்கு அது தேவையில்லை, பஸ்ஸில் சீட் கம்பியில் மாட்டிக்கொள்வதுதான் மிச்சம்.

முதுகை அளப்பது

இதற்கு இன்னொருவர் வேண்டும். தலையை முன்னால் குனிந்தால் கழுத்தடியில் ஓர் எலும்பு துருத்திக்கொண்டு நிற்கும், அது ஏழாவது கழுத்தெலும்பு. அதன்மேல் ஸ்கெட்ச் பேனாவால் ஒரு புள்ளி. பிறகு இரண்டு கையையும் இடுப்பெலும்பின் மேல் விளிம்பில் வைத்துக் கட்டைவிரல்கள் பின்னால் பார்க்கும்படி பிடித்தால், இரண்டு கட்டைவிரலையும் இணைக்கும் கோடு முதுகுத்தண்டை ஓர் இடத்தில் வெட்டும். அங்கே இன்னொரு புள்ளி. நிமிர்ந்து நின்றுகொண்டு, இன்ச் டேப்பை முதுகின் வளைவோடு ஒட்டி இந்த இரண்டு புள்ளிக்கும் நடுவே அளக்க வேண்டும். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் 40-லிருந்து 50 செ.மீ.க்குள் வரும். ஆள் உயரத்தை வைத்து இதை ஊகிக்கவே கூடாது. ஒரே உயரமுள்ள அண்ணன் தம்பியில்கூட ஒருவருக்குக் கால் நீளமாக, முதுகு குட்டையாக இருக்கும்.

இந்த அளவு இரண்டு விஷயத்தைச் சொல்கிறது. வாரின் மேல் தையல், கழுத்தெலும்புப் புள்ளியில் இருந்து 3, 4 செ.மீ. கீழே முதுகில் வர வேண்டும். பேக்கின் அடி, இடுப்புக் கோட்டைத் தாண்டிப் பெரிதாக இறங்கக் கூடாது. இறங்கினால் நடக்கும்போது புட்டத்தில் இடிக்கும், அப்படி இடிக்கிற பேக்கை வாரை இறுக்கிச் சரிசெய்ய முடியாது.

தோளையும் பார்த்துக்கொள்ளுங்கள். கழுத்து தோளோடு சேரும் இடத்தில் இருந்து தோள்முனை வரை அளந்தால், வாரை எவ்வளவு அகலமாக வைக்கலாம் என்று தெரியும். பெரியவர்களுக்கு 6, 6.5 செ.மீ. சரி. ஒடுங்கிய தோளுக்கு 5.5 போதும்.

பேட்டர்னும் அந்த 9 செ.மீ. கணக்கும்

நான் பரிந்துரைக்கும் வடிவம் மிக எளியது: முதுகுப் பக்கம் ஒரு பலகை (மரமில்லை, தட்டையான துணித் துண்டு), முன்பக்கம், அதாவது வெளியே பார்க்கும் பக்கம், ஒரு பலகை, இரண்டுக்கும் நடுவில் சுற்றி ஓடும் ஒரு பட்டை. பட்டையின் மேல்பாதியில் ஜிப். முதல் பேக்குக்கு இதைவிடச் சிக்கலான வடிவத்துக்குப் போகாதீர்கள்.

பலகையின் மேல் மூலைகளை 7 செ.மீ. ஆரத்தில் வளையுங்கள், ஒரு சின்னத் தட்டைக் கவிழ்த்துக் கோடு போட்டாலே போதும். கீழ் மூலைகள் அவ்வளவு உருண்டையாக வேண்டாம், 3.5 செ.மீ. போதும். காரணம் பஸ். உட்கார இடம் கிடைத்ததும் பேக்கைக் கழற்றி மடியிலோ காலடியிலோ வைப்போம், அப்போது அடி தட்டையாக இருந்தால்தான் டிபன் நிமிர்ந்து நிற்கும்.

இங்கேதான் கணக்கு தேவை. 46-க்கு 30 செவ்வகத்தின் சுற்றளவு 152 செ.மீ. ஆனால் மூலையை வளைத்ததும் சுற்று குறைகிறது, ஒரு மூலைக்கு ஆரத்தைப் போல 0.43 மடங்கு. 7 செ.மீ. ஆரத்துக்கு 3 செ.மீ., 3.5-க்கு ஒன்றரை. நாலு மூலைக்கும் சேர்த்து 9 செ.மீ. குறைந்து 143 வருகிறது. பட்டையை 152-க்கு வெட்டியவர் கடைசியில் 9 செ.மீ. துணி துருத்திக்கொண்டு நிற்க, அதைச் சுருக்கு வைத்து அடக்கப் பார்ப்பார், பேக் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டுவிடும். கணக்கில் நம்பிக்கை இல்லையென்றால் பேப்பரில் வரைந்த கோட்டின் மேல் ஒரு நூலை ஒட்டி வைத்து, பிறகு நூலை நீட்டி அளந்து பாருங்கள். அளப்பது தையல் கோட்டில், வெட்டும் கோட்டில் இல்லை. இரண்டுக்கும் நடுவில் 1 செ.மீ. இருக்கிறது.

இந்த 143-ஐ ஜிப் பட்டைக்கு 80, அடிப்பட்டைக்கு 63 என்று பிரியுங்கள். 80 செ.மீ. ஜிப் என்றால் மேல்புறம் முழுக்கப் போய் இரண்டு பக்கமும் நேராக 21 செ.மீ. இறங்கும், டிபன் கேரியரைச் சாய்க்காமல் நேராக இறக்க அந்தத் திறப்பு போதும். தையலுக்கு விடும் துணி சேர்த்தால் ஜிப் பட்டை 82, அடிப்பட்டை 65 நீளம், பலகைகள் 48-க்கு 32. ஜிப் பட்டை இரண்டு துண்டாக வரும்: ஜிப்புக்கு முன்பக்கம் தைத்த பிறகு 5 செ.மீ., ஜிப் வெளியே தெரிவது 1.5, பின்பக்கம் 9.5, மொத்தம் 16. வெட்டும்போது 7-ம் 11.5-ம். ஜிப் முன்பக்கம் தள்ளி இருப்பதால் மழைத்தண்ணீர் முதுகுப் பக்கம் நேரே இறங்காது, கையை உள்ளே விடவும் வசதி.

பாட்டில் பாக்கெட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், கடை பேக்குகளில் பெரும்பாலும் சொதப்புவது இதுதான். பேக் காலியாக இருக்கும்போது பாட்டில் சுலபமாகப் போகும், நிரம்பியதும் போகாது. காரணம், நிரம்பிய பேக்கின் பக்கவாட்டுத் துணி விறைத்து நிற்கும், பாட்டிலுக்கு இடம்விட்டு உள்வாங்காது. 9 செ.மீ. குறுக்களவு பாட்டிலை 16 செ.மீ. அகலப் பக்கவாட்டில் வெளியே நிறுத்தி, அதன்மேல் துணியைச் சுற்றி இரண்டு ஓரத்துக்கும் கொண்டுபோனால் 25 செ.மீ.க்குச் சற்று மேல் வருகிறது. ஆகவே பாக்கெட் துணி 26 செ.மீ., கூடத் தையலுக்கு 2. அடியில் மடிப்பு வைத்து அதை 16-க்கு அடக்கி, வாயில் எலாஸ்டிக் கொடுத்துவிடுங்கள். ஜிப் முடியும் இடத்துக்குக் கீழே 18 செ.மீ. இருக்கிறது, பாக்கெட் உயரம் 16.

எல்லாத் துண்டுகளையும் முதலில் செய்தித்தாளில் வரைந்து வெட்டி, முதுகுப் பலகைப் பேப்பரை யாருடைய முதுகுக்கோ அவர் சட்டையில் ஊக்கு குத்தி மாட்டுங்கள். இரண்டு நிமிட வேலை. உயரம் அதிகமா, அகலம் முழங்கையில் இடிக்குமா என்று உடனே தெரிந்துவிடும். சரியானதும் அட்டைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு துண்டிலும் நடுக்கோடும், எது எதோடு சேர வேண்டும் என்ற சின்ன வெட்டு அடையாளமும் இருக்கட்டும்.

வாருக்குத் தனி அட்டை. 42 செ.மீ. நீளம், 6.5 அகலம். மேலே தோளைத் தாண்டும் வரை ஏறக்குறைய நேராகப் போய், அதன்பின் அக்குளை நோக்கி மெல்ல வெளியே வளைய வேண்டும். பெண்களுக்குத் தைக்கும்போது நெஞ்சை ஒதுக்கிப் போகிற மாதிரி இந்த வளைவு கூடுதலாக, கீழே மறுபடி உள்ளே திரும்பி வந்தால் நன்றாக இருக்கும். வாருக்குக் கீழே 25 மி.மீ. நாடாவும், அதைக் கோத்து இழுத்து நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் ஏணி பக்கிளும்.

சாக்கில் ஒரு பேக்

26 கிலோ அரிசிச் சிப்பம் இரண்டு மூன்றை ஓரம் பிரித்து விரித்தால் ஒரு பேக்குக்கு வேண்டிய துணி கிடைத்துவிடும். உரச்சாக்கு வேண்டாம், என்னதான் அலசினாலும் உப்பு மிச்சம் இருக்கும், வியர்வையோடு சேர்ந்து தோலை அரிக்கும். சாக்கு ஏன் என்றால், அது நீளாது. பழைய புடவையிலோ பனியன் துணியிலோ மாதிரி தைத்தால் எடை ஏறியதும் துணி தொங்கிவிடும், அளவு தப்பா துணி தப்பா என்று தெரியாது. சாக்கின் விறைப்பு பேக் துணியின் விறைப்புக்கு மிக அருகில் இருக்கிறது. கூடவே அதன்மேல் ஸ்கெட்ச் பேனாவால் எழுதலாம், இது எவ்வளவு பெரிய வசதி என்று அடுத்த பகுதியில் தெரியும்.

சாக்கின் பின்னல் வெட்டிய ஓரத்தில் பிரிந்துகொண்டே போகும். வெட்டும் கோட்டின் மேல் முதலில் செல்லோ டேப் ஒட்டி, டேப்பின் நடுவில் வெட்டுங்கள். தையல் நெருக்கமாக விழுந்தால் ஊசித் துளை வழியாகவே சாக்கு கிழியும், அதனால் தையலை 4, 5 மி.மீ.க்கு நீட்டி வைத்து, 16-ஆம் நம்பர் ஊசி. இஸ்திரிப் பெட்டியை அதன் பக்கமே கொண்டுபோகாதீர்கள், பாலிபுரோப்பிலீன் சூட்டில் உருகிவிடும்.

மாதிரிக்கு ஜிப் தைக்க வேண்டியதில்லை. ஜிப் பட்டையை ஒரே துண்டாக வெட்டி, மேலே ஒரு கீறல் விட்டு, சாமானை உள்ளே வைத்ததும் அதைக் கிளிப் போட்டு மூடுங்கள். பாட்டில் பாக்கெட் மட்டும் உண்மையாகவே தையுங்கள். வாருக்குப் பழைய யோகா மேட்டை அட்டை அளவில் வெட்டி, சாக்குத் துணியில் சுற்றிக்கொள்ளலாம். வாரின் மேல்முனையைத் தையல் போட்டு மூடிவிடாமல், நீளமான பெரிய தையலில் பிடித்து வையுங்கள், பிரித்து இடம் மாற்றுவது உறுதி. ஏணி பக்கிளும் நாடாவும் பழைய ஸ்கூல் பேக்கில் இருந்து கழற்றிக்கொள்ளலாம். பழைய பேக் வீட்டில் இல்லையென்றால், பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜிப் மாற்றித் தரும் பேக் ரிப்பேர்காரர்களிடம் கேளுங்கள், கழற்றிப் போட்ட பக்கிள் ஒரு டப்பா நிறைய வைத்திருப்பார்கள்.

சுமந்து பார்ப்பது

இந்தப் பகுதிக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும்.

உங்கள் உண்மைச் சாமானையே ஏற்றுங்கள். டிபனில் சாப்பாட்டுக்குப் பதில் தண்ணீர் ஊற்றிக்கொள்ளலாம், கசிகிறதா என்பதும் தெரிந்துவிடும். அதோடு உங்கள் வழக்கமான வழியில் நடங்கள்: வீட்டில் இருந்து பஸ் ஸ்டாப், பஸ் படி ஏறி இறங்குவது, மாடிப்படி. கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு மலைக்கோட்டைப் படிகள் இருக்கின்றன, அரூர்ப் பக்கத்தவர்களுக்குத் தீர்த்தமலைப் படிகள். ஏறும்போது பேக் பின்னால் இழுப்பதும் இறங்கும்போது குதித்துக் குதித்து இடிப்பதும் சமதரையில் தெரியாத குறைகள். ஸ்கெட்ச் பேனாவைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு, எங்கே என்ன தோன்றுகிறதோ அங்கேயே நின்று சாக்கின் மேலேயே எழுதுங்கள். "இங்கே இடிக்குது", "2 செ.மீ. உள்ளே" என்று அந்தந்த இடத்தில் எழுதியது வீட்டுக்கு வந்து யோசித்து எழுதுவதைவிட நம்பகமானது.

பேக் முதுகைவிட்டுப் பின்னால் சாய்கிறதா? முதலில் டிபன் உண்மையிலேயே முதுகை ஒட்டி நிற்கிறதா என்று பாருங்கள், நடந்ததில் முன்பக்கம் நகர்ந்திருக்கலாம். அப்படியானால் உள்ளே முதுகுப் பலகையில் ஒரு எலாஸ்டிக் பட்டையைக் குறுக்கே தைத்து டிபனைப் பிடித்து வைக்க வேண்டும், அளவில் கை வைக்க வேண்டாம். நகராமலேயே சாய்கிறது என்றால் ஆழம் அதிகம். 16-ஐ 14 ஆக்கி, குறைந்த இடத்தை உயரத்தில் எடுத்துக்கொள்ளலாம், முதுகு நீளம் இடம் கொடுத்தால். அதே ஐந்து கிலோ முதுகில் இருந்து எவ்வளவு தள்ளிப் போகிறதோ அவ்வளவு பலமாகத் தோளைப் பின்னால் இழுக்கும், நாம் முன்னால் குனிந்து அதைச் சமாளிப்போம், சாயங்காலம் இடுப்பு வலிக்கும்.

வார் தோளில் இருந்து வெளியே வழுக்குகிறது என்றால் மேல் இடைவெளி அதிகம். இரண்டு வாரின் உள் ஓரங்களுக்கும் நடுவில் 6, 7 செ.மீ. என்று தொடங்குங்கள். வழுக்கினால் ஒரு செ.மீ. நெருக்குங்கள், கழுத்தில் உரசினால் ஒரு செ.மீ. விலக்குங்கள். வாரை நேர் செங்குத்தாகத் தைக்காமல் மேல்நோக்கி லேசாக உள்ளே சாய்த்து, அதாவது கீழே போகப் போக விரியும்படி வைத்தால் தோளின் சரிவோடு ஒத்துப்போகும். நெஞ்சுப் பட்டை ஒன்று வைத்து வழுக்கலை நிறுத்திவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். பட்டை நல்லதுதான், 20 மி.மீ. நாடாவில் வையுங்கள், ஆனால் தப்பான இடைவெளியை அதை வைத்துக் கட்டிப்போடாதீர்கள், இடைவெளியைச் சரிசெய்த பிறகு வையுங்கள்.

அக்குளில் கடிக்கிறது என்றால் இரண்டு காரணங்களில் ஒன்று. வார் மெத்தை சீக்கிரமே முடிந்து ஏணி பக்கிள் விலாவில் உரசும், அப்படியானால் மெத்தையை நீட்டுங்கள், அக்குளுக்குக் கீழே ஒரு கையகலம் வரை அது போக வேண்டும். அல்லது வாரின் வளைவு மிக மேலேயே தொடங்குகிறது, அட்டையில் வளைவைக் கீழே இறக்குங்கள். கீழ் நாடா பேக்கில் சேரும் இடம் பக்கவாட்டுத் தையலில், அடியில் இருந்து 3, 4 செ.மீ. மேலே. அங்கே துணியில் ஒரு முக்கோணம் மடித்து அதற்குள் நாடாவைச் சொருகித் தைத்தால், இழுவை முன்னோக்கிச் சாய்வாகப் போகும், தையல் ஒரே புள்ளியில் பிய்யாது.

இதையெல்லாம் ஒரு தடவை மெல்லிய சட்டையோடும் ஒரு தடவை ஸ்வெட்டரோடும் செய்யுங்கள். தருமபுரியைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு உயரத்தில் ஓசூர் இருக்கிறது, கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 900 மீட்டர். மார்கழி, தை மாதத்தில் காலை ஷிப்டுக்கு இங்கே சட்டையோடு கிளம்பியவர் அங்கே இறங்கும்போது ஸ்வெட்டர் போட்டிருப்பார். கீழ் நாடாவில் அந்த வித்தியாசத்துக்கு நீளம் இருக்க வேண்டும், மிச்ச நாடா தொங்கி சீட் கம்பியில் சிக்காமல் சுருட்டி வைக்க ஒரு எலாஸ்டிக் வளையமும் வேண்டும்.

கூட்டமான பஸ்ஸில் பேக்கைக் கழற்றி முன்னால் பிடித்துக்கொண்டு நிற்பது எப்படி இருக்கிறது என்றும் பாருங்கள். மேலே கைப்பிடி ஒன்று போதும் என்று தோன்றும், ஆனால் மேல் ரேக்கில் இருந்து இழுத்து எடுக்க முன்பலகையின் அடியிலும் ஒரு சின்ன நாடாப் பிடி இருந்தால் கை வலிக்காது.

எழுதிய திருத்தங்களை அட்டைக்கு மாற்றி, மறுபடி சாக்கில் திருத்திய துண்டுகளை மட்டும் மாற்றித் தைத்து, மறுபடி நடங்கள். முதுகு, வார் இரண்டிலும் இனி எழுத ஒன்றுமில்லை என்ற நிலை வந்த பிறகுதான் துணி வாங்கக் கிளம்ப வேண்டும்.

துணி, ஜிப், நாடா

ஸ்கூல் பேக் தைக்கும் 600 டெனியர் பாலியஸ்டர் துணி இந்த வேலைக்குத் தாராளம். டெனியர் என்பது நூலின் பருமன்: அந்த நூலை 9000 மீட்டர் எடுத்து நிறுத்தால் எத்தனை கிராமோ அத்தனை டெனியர். கார்டுரா நைலான் 500 டெனியர் இன்னும் உரசல் தாங்கும், ஆனால் விலை அதிகம், முதல் பேக்குக்கு அவசியமில்லை. கேன்வாஸ் பார்க்க அழகு, நனைந்தால் கனக்கும், காய நாளாகும். ரெக்சின் வேண்டாம், மடிப்பில் வெடிக்கும். துணியின் ஒரு பக்கம் பளபளப்பான பூச்சு இருக்கும், அது உள்பக்கம் வர வேண்டும். ஒன்றே கால் மீட்டர் வாங்கினால் பாக்கெட், வார் எல்லாம் அடங்கும்.

நம் ஊர்த் துணிக்கடைகளில் இது எப்போதும் கிடைக்காது, பெங்களூரு சிக்பேட்டைப் பக்கமோ சேலத்திலோ தேட வேண்டியிருக்கும். ஆனால் அதற்கு முன் நம் ஊரில் பைக் சீட் கவர் தைக்கும் கடைகளிலும், ஹைவேயில் லாரித் தார்பாய் தைக்கும் இடங்களிலும் கேட்டுப் பாருங்கள். தடித்த நூல், ஃபோம், அகல நாடா எல்லாம் அவர்களிடம் புழங்குபவை. அதைவிட முக்கியம் அவர்களிடம் இருக்கும் பெரிய மெஷினும் கை அனுபவமும். சாக்கு மாதிரியைக் கையில் எடுத்துப் போனால் பேச்சே வேறு மாதிரி இருக்கும். எனக்குத் தெரிந்த ஒரு சீட் கவர்காரர் மாதிரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னது இது: "அளவெல்லாம் சரியா இருக்கு தம்பி. வார் பிடிக்கிற எடத்துல மட்டும் உள்ள ஒரு நாடாவ குறுக்கால வெச்சு அதோட சேத்துத் தைங்க. வெறுந்துணியில தைச்சா துணிதான் கிழியும், நூல் இல்ல." பேக் தைக்கிற யாரும் மறக்கக் கூடாத வார்த்தை.

ஜிப்பில் எண் என்பது, மூடிய பற்களின் அகலம் ஏறக்குறைய எத்தனை மி.மீ. என்பதைக் குறிக்கும். மெயின் ஜிப்புக்கு 8-ஆம் நம்பர் சுருள் ஜிப், முன் பாக்கெட்டுக்கு 5 போதும். மீட்டர் கணக்கில் வாங்கி ரன்னரைத் தனியாகக் கோத்துக்கொள்ளலாம், இரண்டு ரன்னர் எதிரெதிராகப் போடுங்கள். ஜிப் கெட்டுப்போனால் பெரும்பாலும் ரன்னர்தான் தேய்ந்திருக்கும், ஆகவே ரன்னரில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

நாடாவும் பக்கிளும் ஒன்றுக்கொன்று பொருந்துகிறதா என்று கடையிலேயே இழுத்துப் பார்த்து வாங்குங்கள். மெல்லிய நாடா ஏணி பக்கிளில் நிற்காமல் வழுக்கும். வெட்டிய முனையை மெழுகுவர்த்தித் தீயில் காட்டி உருக்கிக்கொள்ள வேண்டும், விரலால் தொடாமல் ஒரு பழைய ஸ்பூனால் அழுத்துங்கள். முதுகுக்கும் வாருக்கும் 8 அல்லது 10 மி.மீ. ஈவிஏ ஃபோம். கட்டில் மெத்தை ஸ்பாஞ்சு வேண்டாம், எடை ஏறினால் அப்பளமாக அமுங்கிவிடும், வியர்வையையும் குடிக்கும். நூல் பாலியஸ்டர் அல்லது நைலான் மட்டும். பருத்தி நூல் நனைந்து நனைந்து இற்றுவிடும்.

நிஜத் தையல்

மாதிரியில் பழகிய கைக்கு இது நேரான வேலை, வரிசை மட்டும் மாறக் கூடாது. பலகைகள் தட்டையாக இருக்கும்போதே பாக்கெட்டுகளை முடித்துவிடுங்கள். பிறகு முதுகுப் பலகையில் வார், கைப்பிடி. பிறகு ஜிப் பட்டை, அதை அடிப்பட்டையோடு சேர்த்து ஒரு வளையமாக்குவது. வளையத்தை முன்பலகையோடு தைத்து, ஜிப்பைத் திறந்து வைத்துவிட்டு, கடைசியாக முதுகுப் பலகை. ஜிப் மூடியிருந்தால் பேக்கை வெளிப்பக்கம் திருப்பவே முடியாது.

மூலை வளைவில் பட்டையின் ஓரத்தை ஒரு செ.மீ.க்கு ஒன்றாக 7 மி.மீ. ஆழத்துக்குச் சின்னச் சின்னதாக வெட்டிவிட்டால் பட்டை வளைவோடு படியும், வெட்டு தையல் கோட்டைத் தொடக் கூடாது. ஊசி 18, தையல் நீளம் 3 மி.மீ. தடித்த இடத்தில் காலால் மிதிக்காமல் கைச் சக்கரத்தைச் சுற்றி ஒவ்வொரு தையலாகப் போடுங்கள், ஊசி ஒடியாது. வார் சேரும் இடத்தில் ஒரு பெட்டி போட்டு அதற்குள் குறுக்காக இரண்டு கோடு தைக்க வேண்டும், உள்ளே அந்தக் குறுக்கு நாடாவோடு சேர்த்து. வீட்டு மெஷின் அதற்குத் திணறினால் அந்த இடங்களை மட்டும் சீட் கவர் கடையில் கொடுத்துத் தைத்து வாங்கலாம், இல்லாவிட்டால் குத்தூசியும் மெழுகு தடவிய நைலான் நூலும் வைத்துக் கையாலேயே போடலாம், அது மெஷின் தையலுக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை. உள்ளே தெரியும் ஓரங்களை எல்லாம் பட்டித் துணியால் மூடித் தைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பிசிறு ஜிப்பில் மாட்டும்.

மழை பற்றி ஒன்று: துணியில் பூச்சு இருந்தாலும் ஊசித் துளை வழியாகவும் ஜிப் வழியாகவும் தண்ணீர் போகும். புரட்டாசி, ஐப்பசி மழைக்கு உள்ளே ஒரு தடித்த பிளாஸ்டிக் கவர், அல்லது மிச்சத் துணியில் எலாஸ்டிக் வைத்த மேலுறை.

தைத்து முடித்ததும் நேரே தோளில் மாட்டாதீர்கள். தினசரி எடையைப் போல இரண்டு மடங்கு, பத்து லிட்டர் தண்ணீர் பாட்டில்களை உள்ளே வைத்து, இரண்டு வாரையும் ஜன்னல் கம்பியில் மாட்டி இரவு முழுக்கத் தொங்கவிடுங்கள். காலையில் வாரின் மேல் தையல், கீழ் முக்கோணம், கைப்பிடி மூன்றையும் வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள். ஏணி பக்கிளில் நாடா எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று முந்தைய நாள் போட்ட பேனாக் கோட்டை வைத்து அளங்கள். ஒரு செ.மீ.க்கு மேல் இறங்கியிருந்தால் நாடாவையோ பக்கிளையோ மாற்றுங்கள். எங்காவது ஊசித் துளை நீண்டு துணி விலகித் தெரிந்தால், அந்த இடத்தை மட்டும் பிரித்து, உள்ளே இன்னொரு நாடாத் துண்டு வைத்து மறுபடி தைத்துவிட்டு, அன்றிரவு மறுபடி தொங்கவிடுங்கள்.